பழுது என் தொண்டையில் இல்லை

நேற்று மத்தியானம் உன் மாமா வந்து, குடித்த மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னான். ஆவணியில் உன் கல்யாணத்தில் நான் வில்லுப்பாட்டுப் பாட வேண்டுமாம். மதுரையிலிருந்து புது மைக்செட் கொண்டுவந்திருக்கிறாயாம். அதில் என் குரலைக் கேட்டால் சங்கரன்கோவிலே அசந்து போகுமாம், அத்தோடு பழையதெல்லாம் மறந்து போகுமாம். "யக்கா, அவன் ஆசப்பட்டுக் கேக்கான். பெத்த பிள்ளை கேட்டா மாட்டேம்பியா?" என்றான். மாட்டேன் என்றேன். அவன் என் தம்பி, என் பாட்டுக்குக் குடம் அடிக்கிறவன், உனக்கும் எனக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவன். அவனிடம் கோபித்து என்ன செய்ய? அதனால் உனக்கே எழுதுகிறேன். நேரில் சொன்னால் இரண்டாவது வார்த்தையில் "விடும்மா" என்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் குரல் தணிந்துவிடும். இந்தக் கோபத்தை அப்படித் தணிய விட எனக்கு இஷ்டமில்லை. இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதும் இல்லை. மாமா படிக்கட்டும், நீ கட்டப் போகிற கோமதி படிக்கட்டும், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

போன வருஷம் வைகாசியில் பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே நடந்த அம்மன் கொடைத் திருவிழாவிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊர் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தக் கோவிலில் மதியக் கொடைக்கு நாங்கள்தான் பாட்டு. அப்பா போன பிறகும் அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பொம்பளை தலைமை தாங்கிப் பாடுவதைக் குறை சொன்ன ஊர்களும் உண்டு, அந்த ஊர் சொன்னதில்லை. அந்த வருஷம் நீ உன் மைக்செட் பெட்டியைக் கொண்டுவந்தாய். வேப்ப மரத்தில் ஒன்றும் கோவில் முகப்பில் ஒன்றுமாக ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினாய். பந்தலுக்குப் பின்னால் பேட்டரியையும் ஆம்பிளிபயரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். என் மகனும் என்னோடு ஒரே பந்தலில் தொழில் செய்கிறான் என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

முதலில் பாடும் காப்புப் பாட்டு நன்றாகத்தான் போயிற்று. கதையும் போயிற்று. மெல்லப் பாடிய இடமெல்லாம் பழுதில்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே குழாயில் உர்ரென்று ஓர் இரைச்சல் இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அது கேட்டது. அதைக் குறித்து வைத்துக்கொள், பிறகு அதைப் பற்றிக் கேட்கிறேன். உச்சி வேளையில், சாமியாடி மேல் அம்மனை வரவழைக்கிற வரத்துப் பாட்டு எடுத்தேன். சாமியாடி வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றார். மேல் சுரத்தில் ஏறி, அம்மனைப் பேர் சொல்லி அழைக்கிற இடத்தில், குழாயில் என் குரல் பிளந்தது. தகரத்தைக் கல்லில் தேய்த்தது மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஏறினேன், மறுபடி பிளந்தது. ஏற ஏறப் பிளந்தது. என் காதுக்குள், என் நெஞ்சுக்குள், குரல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வேப்ப மரத்திலிருந்து வருவது வேறாக இருந்தால் நான் எதை நம்புவேன்? பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் நானே தடுமாறினேன். சாமியாடி நின்றபடியே நின்றார். உடம்பு அசையவில்லை. ஒரு கிழவி "ஆத்தா வர மாட்டேங்கா" என்று அழத் தொடங்கினாள்.

அப்போது ஊர்த் தலைவர் எழுந்து பந்தலுக்குப் பின்னால் வந்தார். நான் வில்லடிக்கிற வீசுகோலைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். அவர் உன்னிடம் கேட்டது எனக்கும் கேட்டது, முன்வரிசை முழுவதற்கும் கேட்டது.

"என்ன வே இது, மைக்கா, கொரலா?"

நீ பெட்டியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் உனக்குத் தலையசைத்தேன், மைக்கைச் சரி பண்ணு என்று. நீ அவரைப் பார்த்துச் சொன்னாய்.

"மைக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அம்மைக்குத் தொண்டை கட்டிட்டு."

தலைவர் பெரிய மனுஷர். எனக்குச் சுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மிச்சப் பாட்டை உன் மாமா பாடி முடித்தான். அவனுக்குத் தாழ்ந்த குரல், மேலே ஏற மாட்டான், அதனால் குழாய் அவனை ஒன்றும் செய்யவில்லை. கூட்டம் அதையும் பார்த்தது. ஒரே மைக்கில் தம்பி பாடினால் சரியாக இருக்கிறது, அக்காள் பாடினால் உடைகிறது. அப்புறம் எவனுக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லையே.

எனக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் நீதான் எனக்கு அந்தப் பெட்டியைப் படித்துக் கொடுத்தவன். மதுரையில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை கற்றுக்கொண்டு, முதல் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, சோறு தின்னக்கூட வராமல் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி இரண்டு பெரிய வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் செக்கச் சிவந்து எரிந்தன. "எம்மா, ஒன் கொரல இங்கன ரெண்டாப் பிரிக்கோம். ஒண்ணு நேரா, இன்னொண்ணு தலகீழா. இந்த வால்வு இதப் பெருக்கும், அந்த வால்வு அதப் பெருக்கும். கடைசில இருக்க டிரான்ஸ்பார்மர் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த மட்டுந்தான் எடுத்துக் குழாய்க்கு விடும்" என்றாய். அப்போது நான் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏதாவது வந்தா?" என்றேன். நீ சந்தோஷத்தில் தொடையைத் தட்டினாய். "அதுதாம்மா விசயமே. வித்தியாசம் இல்லேல்லா, அது செத்துரும். பேட்டரிப் பக்கத்துலருந்து வர்ற இரைச்சல் ரெண்டு வால்வுக்கும் ஒண்ணுபோலத்தான் வருது. அதனால அது குழாய்க்குப் போகாது" என்றாய்.

இன்னும் சொன்னாய். எந்த வால்வும் கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தராது, நாம் ஒரு சுரம் கொடுத்தால் அதுவும் தன் பங்குக்கு மேல் ஸ்தாயியில் அதே சுரத்தைக் கொஞ்சம் ஒட்டவைக்கும், கேட்டால் குரலில் மணல் விழுந்த மாதிரி இருக்கும் என்றாய். ஆனால் ஒரு வால்வுக்கு நேராகவும் மற்றதற்குத் தலைகீழாகவும் பாட்டைக் கொடுத்தாலும், இரண்டும் ஒட்டவைக்கிற அந்த மேல் ஸ்தாயி மட்டும் ஒரே பக்கமாகத்தான் வருமாம். அதனால் அதுவும் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுமாம். பாட்டு மட்டும் எதிரும் புதிருமாக வருவதால் ஒன்று சேர்ந்து பெரிதாகுமாம். மூன்றாம் மடங்கில் வருகிறது மட்டும் இதில் அடங்காது, அதற்கு வேறு வைத்தியம் என்றாய். ஸ்தாயி தெரிந்தவளுக்கு இது விளங்காதா? விளங்கிற்று. கடைசியில் விரலை ஆட்டிச் சொன்னாய்: "ஆனா ரெண்டு வால்வும் ஜோடியா இருக்கணும். ஒண்ணு தளந்துட்டா ஒண்ணும் சாகாது. இரைச்சலும் வெளிய வரும், மணலும் வெளிய வரும். சத்தத்தக் கூட்டினா தளந்த பக்கம் தாங்காது, கொரல் பிளந்துரும்."

இவ்வளவையும் உன் வாயால் கேட்டவள் நான். அன்று பந்தலில் இரைச்சல், மணல், பிளவு மூன்றும் ஒன்றாக வந்தன. நான் வாயை மூடியிருந்தபோதும் இரைச்சல் வந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து எந்தத் தொண்டை இரைச்சல் போடும்? நீ சொல்லிக் கொடுத்த பாடத்தை என் மகன் மேல் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் "மைக் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன பிறகு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை உனக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ கூடவே இருந்தும் பார்க்காதவன் மாதிரி நடந்துகொண்டாய். அதிமதுரம், சித்தரத்தை, மிளகுக் கஷாயம் என்று எத்தனை குடித்தேன். திருவேங்கடத்துக்காரர்கள் ஆனிக் கொடைக்கு வைத்திருந்த பாட்டை வேறு வில்லுப்பாட்டுச் செட்டுக்கு மாற்றினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, வரத்துப் பாட்டில் குரல் உடைகிறவளை எந்த ஊர் கூப்பிடும்? உன் மாமா தறியில் போய் உட்கார்ந்தான். குடம் அடித்த கை, அறுந்த பாவு நூலை முடியத் தெரியாமல் முதலாளியிடம் பேச்சு வாங்கிற்று. நீ என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். டாக்டர் என் நாக்கை அமுக்கி, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். எனக்கு ஓங்கரித்துக் கண்ணீர் வந்தது. நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "ஒண்ணும் தெரியலையே. எதற்கும் கொஞ்ச மாசம் பாடாமல், சத்தமாப் பேசாமல் இருக்கட்டும்" என்றார் அவர். நீ "சரி சார்" என்றாய். என்ன சரி? அந்த இடத்தில், வேறு யாரும் இல்லாத இடத்தில், ஊர்த் தலைவர் இல்லாத, கூட்டம் இல்லாத இடத்தில், "சார், இவங்களுக்கு ஒண்ணும் இல்ல, என் பெட்டியிலதான் கோளாறு" என்று சொல்ல உனக்கு என்ன தடை இருந்தது? அதைச் சொன்னால் எவன் உன் பிழைப்பைக் கெடுத்திருப்பான்?

பெட்டியை நீ அந்தக் கொடை முடிந்த வாரமே சரி பண்ணிவிட்டாய் என்பதும் எனக்கு இப்போது தெரியும். மதுரைக்குப் போய் ஜோடி வால்வு வாங்கிவந்து மாட்டினாய். பெட்டிக்கு ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை நீ. என் வாயை மட்டும் எட்டு மாசம் கட்டிப்போட்டாய்.

அந்தப் புரட்டாசியில் வாசுதேவநல்லூரில் உன் பெரியம்மா செத்தாள். அவள் எனக்கு அக்கா மட்டுமில்லை. எங்கள் அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னியவள் அவள், எனக்குப் பாட்டு வரும் என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள். அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்குள் நான் நுழைந்ததும் பொம்பளைகள் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்து அழுது பாடுவேன் என்று காத்திருந்தார்கள். அந்த ஊரில் யார் வீட்டுச் சாவென்றாலும் என் ஒப்பாரியைக் கேட்டு அழுதவர்கள் அவர்கள். நான் வாயைத் திறந்தேன். நீ ஆம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தாய். "அம்மைக்குத் தொண்டை சரியில்ல. டாக்டர் பாடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு. விட்டுருங்க" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். என் அக்காவை வாய் திறவாமல் அனுப்பி வைத்தேன். ஊமை மாதிரி மாரில் மட்டும் அடித்துக்கொண்டேன். யாரோ ஒருத்தி, முறைக்கு, எனக்குப் பதிலாகப் பாடினாள். அக்காவின் பேரையே தப்பாகச் சொன்னாள்.

கொடை அடுத்த வருஷமும் வரும். என் அக்கா ஒரு தடவைதான் செத்தாள். என் கோபம் கொடைக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், மாமாவும் அப்படித்தான் நினைக்கிறான். அதற்காக மட்டும் என்றால் இந்நேரம் ஆறியிருக்கும். நீ அந்த இடத்துக்கு எழுந்து வந்தாயே, அதற்குத்தான்.

தை மாசம் நம் தெருவில் காதுகுத்து வந்தது. அவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி என்பதால், பிறகு வாங்கிய பெரிய பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, பழைய பெட்டியைக் கொண்டு வந்து நீயே ரெக்கார்டு போட உட்கார்ந்தாய். நான் பெண்களோடு பூக் கட்டிக்கொண்டிருந்தேன். நாகஸ்வர ரெக்கார்டு ஒன்று, நம் வீட்டில் நூறு தடவை கேட்டது, ஓடியது. வாசித்தவர் மேலே ஏறுகிற இடம் வந்தது. குழாயில் அது பிளந்தது. தகரத்தைக் கல்லில் தேய்க்கிற அதே சத்தம். ரெக்கார்டு முடிந்ததும் உர்ரென்று அதே இரைச்சல். பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு அப்போது கோபம் இல்லை. ஒன்றும் இல்லை. கால் மட்டும் நடந்தது.

"ஏலே, இந்த ரெக்கார்டுக்கும் தொண்டை கட்டிட்டா?" என்று கேட்டேன்.

நீ திருகாணியைத் திருகிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், தொழில்காரன் பேச்சாகப் பதில் சொன்னாய். "வால்வு ஒண்ணு வீக்கும்மா. அவசரத்துக்குக் கழட்டிப் போட்ட பழச எடுத்து மாட்டினேன். ஜோடி சேரல..." அதற்குள் உனக்கே கேட்டுவிட்டது, நான் என்ன கேட்டேன் என்று. கை நின்றது.

"அன்னைக்கும் இதே வால்வுதானா?"

தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று உன் கண் சுற்றிலும் ஓடிற்று. அப்போதும் உனக்குத் தெருதான் கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து நீ சொன்ன சமாதானத்தை நான் மறக்கவில்லை. பெட்டி புதுசு, தொழில் புதுசு, முதல் பெரிய கொடையிலேயே மைக் கோளாறு என்று பேர் வந்தால் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றும் கூப்பிடாது என்று பயந்தாயாம். வால்வு தளர்ந்திருப்பது காலையிலேயே தெரியுமாம், ஒரு வேளை தாங்கிவிடும் என்று நினைத்தாயாம். "ஒரு வார்த்தை வாயில வந்துட்டும்மா. சொன்ன பெறவு எப்படி மாத்த?" என்றாய். பயத்தில் வாயில் வந்தது ஒரு வார்த்தை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அந்தப் பந்தலில் பயம் வந்ததுதான். ஆனால் அன்று சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது நீ சொல்லவில்லை. கஷாயத்துக்குக் கடையில் மருந்து கட்டி வாங்கிவந்தபோது சொல்லவில்லை. உன் மாமா தறிக்குப் போனபோது சொல்லவில்லை. அதெல்லாம் பயமா? ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, பல் விளக்கி, என் முகத்தைப் பார்த்து, இன்றைக்கும் சொல்ல வேண்டாம் என்று நீ முடிவு பண்ணினாய்.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கொடை நடந்த ஊருக்குப் போய், எந்த மைக் நன்றாக இருக்கிறது என்று சொன்னாயோ அதே மைக்கில் உண்மையைச் சொல் என்றேன். "பழசக் கிளறாதம்மா, தொழில் போயிரும்" என்றாய். சரி என்று இந்த வைகாசியில் கொடையன்று காலையில் நானே போனேன். பஸ்ஸில், மாமாவைக்கூடக் கூப்பிடாமல் போனேன். ஊர்த் தலைவர் கோவிலில் பந்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை, அன்றும் இருந்ததில்லை, பெட்டியில்தான் பழுது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஒங்க மகன்லா சொன்னான். பெத்த பிள்ள தாய்மேல பொய் சொல்லுவானா?"

"சொன்னான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்.

வேறு செட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றாலும், மதியக் கொடையில் வரத்துப் பாட்டை மட்டும் நான் பாட அவர் இடம் விட்டார். அந்தச் செட்டுக்காரர்களும் நல்லவர்கள், வில்லை நகர்த்தித் தந்தார்கள். அவர்களுடைய மைக் எனக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டுப் பாடினேன். மேலே ஏறினேன். உடையவில்லை. சாமியாடிக்கு அம்மன் வந்தாள். முன்னால் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து நுங்கு தின்னப் போய்விட்டார்கள். என் குரல் உடைந்தது என்பதை உன் குழாய் பக்கத்து ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உடையவில்லை என்பதை நான் தனியாகக் கத்தி எத்தனை பேருக்குச் சேர்ப்பேன்? பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தி என்னிடம் பரிவாக வந்து, "தொண்டை எப்படி இருக்கு, பரவால்லியா?" என்றாள். அன்று மத்தியானம் நான் பாடிய கொடைக்கு வந்திருந்தவள்தான் அவள். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவள்.

ஆகையால் கேள். ஆடிக் கடைசிச் செவ்வாய் அந்தக் கோவிலில் பொங்கல். மைக் உன்னுடையதுதான் போகிறது, மாமா சொன்னான். புதுப் பெட்டி, ஜோடி சேர்ந்த வால்வு, இரைச்சல் இருக்காது. குழாயை நன்றாக மேலே கட்டு. கட்டிவிட்டு, ரெக்கார்டு போடுவதற்கு முன், நீயே மைக் முன்னால் நின்று சொல். அழுது சொல்ல வேண்டாம், என் காலில் விழ வேண்டாம், நான் அங்கே வரவும் மாட்டேன். "போன வருஷம் எங்க அம்மை கொரல் உடையல, என் வால்வுதான் வீக்கா இருந்தது, தெரிஞ்சே மாத்திச் சொன்னேன்" என்று சொல். நிமிஷம்கூட ஆகாது. அதனால் தொழில் போனால் போகட்டும். வால்வு தளர்வது எந்த மைக்செட்காரனுக்கும் வரும் என்று ஜனங்களுக்குப் புரியாதா? தாயைக் காட்டிக் கொடுத்துப் பிழைத்த பிழைப்பு என்று பின்னால் எவனாவது கண்டுபிடித்துச் சொல்லும்போதுதான் உண்மையாகவே போகும்.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உன் கல்யாணத்துக்கு வருவேன். சம்பந்திகளை எதிர்கொண்டு அழைப்பேன், முறை எல்லாம் செய்வேன், பந்தியில் நின்று பரிமாறுவேன். பெற்றவள் செய்ய வேண்டியதில் ஒன்றும் குறையாது. ஆனால் நீ சொல்லாதவரைக்கும் உன் மைக் முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாணம் செய்யப் போகிறவனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு உனக்குச் சொல்ல ஒரு புத்திதான் இருக்கிறது. கோமதியிடம் உன் வாயில் ஒரு பொய் வந்துவிட்டால், வரும், எல்லாருக்கும் வரும், அன்று விளக்கேற்றுவதற்குள் அதை மாற்றிச் சொல்லிவிடு. மறுநாள் அவளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்காதே.

கோமதிக்கு எல்லாம் தெரியும். போன வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வந்தவள், தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நானும் நீயும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நேராகக் கேட்டாள். நான் மறைக்கவில்லை. கொடையில் ஆரம்பித்து வாசுதேவநல்லூர் வரைக்கும் சொன்னேன். தங்கச்சிக்காரிதான் அழுதாள். கோமதி அழவில்லை. தலையைக் குனிந்து கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தே, திருநெல்வேலிக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போகும்போது அவிய பஸ்ஸுல என்ன பேசிட்டு வந்தாவ?"

இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்துச் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. கொடை நடந்த ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஸ் நின்றபோது நீ மறு பக்கம் திரும்பிக்கொண்டாய். பஸ் கிளம்பி வேகம் எடுத்ததும், ஜன்னல் காற்று என் கழுத்தில் அடித்தது. நீ உன் தோள் துண்டை எடுத்து என் கழுத்தைச் சுற்றிக் கட்டினாய். காற்றில் அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. திருநெல்வேலி வருகிற வரைக்கும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாய். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த நீ.

கோமதி "இதுக்கு என்ன அர்த்தம் அத்தே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அவனிடமே கேள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கேட்பாள். நீ சொன்ன பொய்க்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும், அதற்கு எவ்வளவு கோபப்பட வேண்டும் என்றும் தெரியும். அந்தத் துண்டை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவளுக்கு நீ சொல்லப் போகிற பதிலை எனக்கும் ஒரு தடவை வந்து சொல்.

உன் அம்மா